வன்னிக் குடியேற்ற நாவல் போட்டிக் குழுவினருக்கு: ஆவணம் கேட்க வேண்டிய இடமும் கேட்கக் கூடாத இடமும்

போட்டியின் ஏற்பாட்டாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

உங்கள் புதிய விதிகளின் ஏழாம் பந்தி, நாவலில் வரும் "ஒவ்வொரு நிகழ்வுக்கும்" ஆவணச் சான்றின் பிரதியை இணைக்கச் சொல்கிறது. இணைக்காத கைப்பிரதி வாசிக்கப்படாமலே திருப்பி அனுப்பப்படுமாம். இதே குழுதான் சென்ற முறை தெரிவான நாவலின் அட்டையில் "முற்றிலும் உண்மைச் சம்பவங்கள்" என்று அச்சடித்துப் பாடசாலை நூலகங்களுக்கு அனுப்பியது. அந்த நாவலில் யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தனுக்குப் போகிற மாட்டுவண்டி, வழியில் முறிகண்டியில் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறது. முறிகண்டிப் பிள்ளையார் இருப்பது கிளிநொச்சிக்கும் தெற்கே. வடக்கேயிருந்து வந்தவர்கள் பரந்தனைத் தாண்டி, கிளிநொச்சியையும் தாண்டிப் போய்க் கும்பிட்டுவிட்டு மறுபடி பரந்தனுக்குத் திரும்பினார்களா? கண்டி வீதியில் ஒருதரம் பஸ்ஸில் போன பிள்ளைகூடப் பிடித்துவிடும் பிழை இது. "உண்மைச் சம்பவம்" என்ற முத்திரையோடு அது இப்போது அந்தப் பிள்ளைகளின் கையிலேயே இருக்கிறது.

சான்று கிடைக்கவே முடியாத இடத்தில் சான்று கேட்கிறீர்கள். ஒரு வரைபடமும் ஒரு பஞ்சாங்கமும் போதும் என்ற இடத்தில் எதையும் பார்க்காமல் விடுகிறீர்கள். எங்கள் முறைப்பாடு இவ்வளவுதான். வன்னிக் குடியேற்றக் கதைகளின் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பவர்கள் நாங்கள். கமம் செய்பவர்களும், காணிக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும், ஆசிரியர்களும் எங்களில் இருக்கிறார்கள். எங்களிடம் வரும் கைப்பிரதிகளில் திரும்பத் திரும்பக் காண்பதை வைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்த ஏழாம் பந்தி.

வன்னிக்கு வந்து காடு வெட்டியவர்களைப் பற்றி என்ன ஆவணம் இருக்கிறது? அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள், வருடாந்த நிர்வாக அறிக்கைகள், 1895 இல் ஜே. பி. லூயிஸ் எழுதி அரசாங்கம் அச்சிட்ட வன்னி மாவட்டக் கைநூல், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கோப்புகள். பெரும்பாலும் ஆங்கிலம், பார்க்க வேண்டுமானால் கொழும்பு சுவடிக்கூடத்துக்குப் போக வேண்டும். எத்தனை குளம் உடைந்து கிடந்தது, எத்தனை ஏக்கர் விதைத்தது, எந்த வருடம் கொள்ளைநோய் வந்தது என்பதை அவற்றில் எடுக்கலாம். வண்டியின் பின்பக்கம் கைக்குழந்தையோடு இருந்த பெண் ஆனையிறவைத் தாண்டும்போது என்ன நினைத்தாள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. காணி கொடுத்தவர்கள் எழுதிய காகிதம் அது, காணிக்கு வந்தவர்கள் எழுதியதல்ல.

வந்தவர்களிடம் இருந்த காகிதத்துக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. பிறகு கச்சேரிகளும் (மாவட்ட அரசாங்கச் செயலகங்களும்) கிளைக் கந்தோர்களும் இடம்பெயர்ந்தன. 2009 இல், போரின் முடிவில், முழு வன்னியுமே இடம்பெயர்ந்து நடந்தது. காணிப் பெர்மிற்றையும் (அரசாங்கம் கொடுத்த காணி அனுமதிப்பத்திரம்) பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனவர்களில் எத்தனையோ பேர் மெனிக் பாம் அகதி முகாமுக்கு வெறுங்கையோடுதான் வந்து சேர்ந்தார்கள். தங்கள் சொந்தக் காணிக்கே சான்று காட்ட முடியாமல் கந்தோர் வாசலில் நின்ற குடும்பம் அது. அந்த வீட்டுப் பேரப்பிள்ளை நாவல் எழுத வந்தால், பாட்டனார் கிணறு தோண்டிய நாளுக்குப் போட்டோக்கொப்பி கேட்கிறீர்கள்.

மலையகத்திலிருந்து வந்தவர்களின் நிலை இன்னும் மோசம். 1948 பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1958 கலவரத்துக்குப் பிறகு ஒரு கூட்டம், 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் பட்டினி வந்தபோது ஒரு கூட்டம், 1977 கலவரத்துக்குப் பிறகு பெருங்கூட்டம் என்று வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்தார்கள். கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் என்ற அமைப்பு அவர்களில் ஒரு பகுதியினரைக் குடியமர்த்தியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். இவ்வளவும் பதிவில் உண்டு. ஆனால் ஹற்றனில் ரயிலேறிய ஒரு குடும்பம் வவுனியாவில் இறங்கி யார் வீட்டுத் திண்ணையில் முதல் இரவைக் கழித்தது என்பதற்குப் பதிவு ஏது? உங்கள் விதிப்படி அந்தப் பயணம் நடக்கவே இல்லை. ஏற்கெனவே ஒருமுறை காகிதம் இல்லை என்று தள்ளப்பட்டவர்களைக் கதையிலும் அதே காரணம் சொல்லித் தள்ளுவது எங்களுக்குச் சம்மதமில்லை.

ஆகவே பேச்சு, நினைப்பு, சண்டை, ஏன் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள் என்பதன் உட்காரணம், வழியில் யார் யாருக்கு உதவினார்கள் என்பதெல்லாம் எழுதுபவரின் கற்பனைக்கு உரியவை. கடன், சீதனம், சாதி, பங்காளித் தகராறு என்று ஆளுக்கொரு காரணம் இருந்திருக்கும். அதை யாரும் கச்சேரி மனுவில் எழுதவில்லை. அங்கே கற்பனை இல்லாமல் நாவலே இல்லை. மூன்று பேரின் வாழ்க்கையைச் சேர்த்து ஒரே பாத்திரமாக்குவதும் சரி. இதற்கெல்லாம் சான்று கேட்காதீர்கள்.

கேட்க வேண்டியது வேறு இருக்கிறது. வழி, பருவம், தண்ணீர், சட்டம், நோய் ஆகியவற்றை யாரும் கற்பனை செய்யத் தேவையில்லை. எல்லாவற்றையும் சரிபார்க்கலாம். அவற்றில் பிழைத்தால் மேலே சொன்ன கற்பனையையும் வன்னி வாசகன் நம்பமாட்டான்.

வழியை எடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு ஏறத்தாழ 33 மைல், பரந்தன் 38, கிளிநொச்சி 42. சுமை ஏற்றிய இரட்டை மாட்டுவண்டி மணிக்கு 2 மைல், மிஞ்சினால் இரண்டரை. மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட வேண்டும், வைக்கோல் போட வேண்டும், உச்சி வெயிலில் நிழலில் நிறுத்த வேண்டும். அதனால் ஒரு நாளில் 12, 15 மைலுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வெயில் காலத்தில் பகலில் கிடந்து இரவில் ஓட்டுவதுதான் வழக்கம். சாவகச்சேரியில் விடியப் புறப்பட்ட வண்டி அன்று பொழுதுபடக் கிளிநொச்சியில் நிற்கிறது என்று எழுதினால், 31 மைலை மாடு எப்படி ஓடியது என்று கேட்கத்தான் செய்வார்கள். மூன்று நாள் ஓட்டம் என்று வைத்தால் கணக்கும் சரிவரும், கதைக்கும் இரண்டு இராத்தங்கல் கிடைக்கும். இரண்டாவது இராத்தங்கலை எங்கே வைப்பது? ஆனையிறவுக்கு முன், இயக்கச்சிப் பக்கம் வைப்பதுதான் பொருத்தம். ஆனையிறவு உப்புவெளி; நல்ல தண்ணீர் இயக்கச்சிக் கிணறுகளில்தான். மாட்டுக்கு அங்கே தண்ணீர் காட்டி, குடத்திலும் நிரப்பிக்கொள்ளாமல் வெளியில் இறங்கினால் பரந்தன் பக்கம் சேரும்வரை தவிப்புத்தான். "கடலோரமாகப் போனதால் தாகம் தெரியவில்லை" என்று எழுதியிருந்த ஒரு கைப்பிரதியில் அந்த வரிக்குப் பக்கத்தில் நாங்கள் போட்ட கேள்விக்குறி பெரியது.

வண்டிச் சக்கரமும் பருவம் பார்த்துத்தான் கெடும். ஆடி வெயிலில் மரம் வற்றிச் சுருங்கும். வட்டை இரும்புப் பட்டையைவிட்டுத் தளரும், ஆரக்கால் குடத்துக்குள் ஆடத் தொடங்கும், வண்டி போகப் போக ஒரு கிலுகிலுச் சத்தம் வரும். அதைக் கேட்டும் ஓட்டினால் பட்டை கழன்று உருண்டு போய்விடும். கண்ட குளத்தில் சக்கரத்தை இறக்கி ஊறவிட வேண்டும், குளமும் வற்றியிருந்தால் நனைத்த சாக்கைச் சுற்றி இரவிரவாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். மார்கழியில் இந்தத் தொல்லை கிடையாது. அப்போது அச்சு வரை சேற்றில் இறங்கும். நாவல்களில் ஆடிமாதம் சக்கரம் சேற்றில் புதைவதும் மாரியில் பட்டை கழல்வதும் ஏன் இவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று தெரியவில்லை.

வண்டியே வேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. வடபகுதி ரயில்பாதை 1905 இல் முழுமையாகத் திறந்தது. கிளிநொச்சிக் குடியேற்றம் 1930களின் நடுப்பகுதியில் எழுந்தது. அந்தக் காலத்தில் வந்தவனுக்கு ரயில் இருந்தது. கிடுகு, கலப்பை, விதைநெல், கோழிக்கூடு இவற்றுக்கு வண்டி தேவைப்பட்டிருக்கலாம். அப்படியானால் அதைச் சொல்லி எழுதட்டும். கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த கதைக்கும் இதே சோதனை உண்டு. அந்த வடக்குப் பாதை 1899 இல் மூடப்பட்டது. 1914 இல் தலைமன்னாருக்கு ரயில் வந்துவிட்டது. 1920 இல் ஒரு கங்காணி ஆட்களை மடுக்காட்டினூடாக நடத்திக்கொண்டு போவதாக எழுதினால், ரயிலை விட்டுவிட்டு அவன் ஏன் நடந்தான் என்று கதை பதில் சொல்ல வேண்டும்.

காடு வெட்டுவதுதான் எல்லா நாவலிலும் பெரிய கட்டம். பிழையும் அங்கேதான் அதிகம். வைகாசி, ஆனியில் வெட்டத் தொடங்குவார்கள். முதலில் கீழ்க்காடு: பற்றை, கொடி, முள். அதை விட்டுவிட்டுப் பெருமரத்தைச் சாய்த்தால் பிறகு உள்ளே கால்வைக்க முடியாது. பிறகு மரம். இயன்றவரை ஒரே பக்கமாகச் சாய்ப்பார்கள், நெருப்பு ஓடுவதற்கு. முதிரை போன்ற விலைமரத்தை இழுத்து ஓரத்தில் போடுவார்கள். பாலை, வீரை இரண்டும் கோடரியின் வாயை மழுக்கும்; பெரிய பாலை பல இடத்தில் தப்பி நிற்கும். வெட்டியதை ஒரு மாதத்துக்குக் குறையாமல் காயவிட வேண்டும். ஆவணியில் நெருப்பு. அதற்கு முன் சுற்றிவரச் சருகு கூட்டி ஒரு வெறும் ஓரம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் காடும் போய்விடும். சோளகம் வீசும் காலம் அது. காற்று தென்மேற்கிலிருந்து வரும். ஆகவே வடகிழக்கு ஓரத்தில் முதலில் சிறிதாகக் கொளுத்தி, அந்த ஓரம் கருகிய பிறகுதான் தென்மேற்குப் பக்கம் பந்தத்தோடு போவார்கள். மாறிச் செய்தால் கொளுத்தியவனுக்கே ஆபத்து. எரிந்து முடிந்த பிறகும் அரைவேக்காட்டுக் கிளைகள் கிடக்கும். அவற்றைக் குவித்து இன்னொருதரம் எரிக்க வேண்டும். அலம்பல் வேலி அடைக்க வேண்டும், பன்றிக்கும் யானைக்கும் காவலிருக்கப் பரண் கட்ட வேண்டும். இதெல்லாம் புரட்டாதி மழைக்கு முன் முடிய வேண்டிய வேலை.

இதில் எந்தத் தேதி பிழைத்தாலும் கதையே சரியும். தை மாதத்தில் காடு எரிவதாக எழுதுகிறார்கள். மாரி முடிந்த ஈரக் காடு எரியாது, புகையும். மார்கழி மழையில் பிள்ளைகள் பாலைப்பழம் பொறுக்குகிறார்கள். பாலைப்பழம் வைகாசி, ஆனிப் பழம், கரடியும் அப்போதுதான் மரத்துக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த முதல் தையிலேயே குடியேறியவர் வயல் நிறையப் பொன்னெல் அறுக்கிறார். புதுக்காட்டில் கட்டையும் வேரும் நிற்கும், ஏர் இறங்காது. முதல் வருடம் அலவாங்கும் மண்வெட்டியும்தான்; குரக்கன், சோளம், பயறு, பூசணி இப்படித்தான் வரும். வயலாக்க நிலத்தை மட்டப்படுத்த வேண்டும், வரம்பு கட்ட வேண்டும். முதல் போகங்களில் மேடு காயும், பள்ளம் அழுகும். காலபோக (மாரிப் போக) நெல் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்தால் மாசி, பங்குனி வரையும் அறுவடை நீளும். அரசாங்கம் காடு வெட்டி, வாய்க்கால் போட்டு, வீடும் கட்டிக் கொடுத்த கொலனியா, தாங்களே வெட்டிப் பிடித்த காணியா என்பதை எழுதுபவர் முதல் அத்தியாயத்துக்கு முன்னமே தீர்மானிக்க வேண்டும். இரண்டுக்கும் உழைப்பு வேறு, பட்டினி வேறு, பெருமையும் வேறு.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். கிளிநொச்சிக்குத் தண்ணீர் கொடுக்கும் இரணைமடுக் குளத்தின் வேலை 1902 இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. 1940களின் இறுதியிலிருந்து 1970கள் வரை குளம் கட்டம் கட்டமாக உயர்த்தப்பட்டது. இன்றைய கொள்ளளவை வைத்து 1938 இல் எல்லாருக்கும் சிறுபோகம் (கோடையில் குளத்து நீரால் செய்யும் போகம்) விதைக்கக் கொடுப்பது தவறு. இன்றைக்கும்கூடச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பது குளத்து மட்டத்தைப் பார்த்துக் கூட்டத்தில்தான் தீர்மானமாகிறது. அந்தக் கூட்டத்தில் நடக்கும் சண்டைக்குள் ஒரு முழு நாவல் இருக்கிறது. இன்னும் ஒருவரும் எழுதவில்லை என்பது எங்கள் ஆதங்கம்.

சட்டத்தில் விடும் பிழைதான் எங்களுக்குப் பெரிய கவலை, ஏனென்றால் கதை முடிச்சே அதில் தொங்குகிறது. தெரிவான நாவலில் தகப்பன் மூத்த மகளின் சீதனத்துக்காகப் பெர்மிற் காணியை நொத்தாரிசிடம் போய் அறுதி எழுதி விற்கிறார். 1935 காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி பெர்மிற் காணியை அப்படி விற்க முடியாது, துண்டாடவும் முடியாது. குத்தகைக்கு விட்டார்கள், வாயால் விற்றார்கள், வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக் காசு கொடுத்தார்கள். நடந்தது அதுதான், அதன் வழக்குகள்தான் தலைமுறையாக ஓடுகின்றன. பின்னுரிமையாளர் பெயர் எழுதாமல் தகப்பன் இறந்தால் அந்தச் சட்டத்தின் அட்டவணை ஆண்மக்களை முன்னே வைத்தது. அண்மைக் காலம் வரை அப்படியே இருந்தது. தம்பிமார் இருக்க, காணி தானாக மகளிடம் வந்தது என்று எழுதும்போது அந்த அநியாயம் கதையிலிருந்து துடைக்கப்படுகிறது. எழுதியவருக்குப் பெண்ணுக்கு நல்லது செய்கிற எண்ணம்; நடந்த தீமையை மறைத்ததுதான் மிச்சம். காணி கிடைத்த விதமும் அப்படியே: காணிக் கச்சேரி நடக்கும், விண்ணப்பித்தவர்கள் வரிசையில் நிற்பார்கள், கேள்வி கேட்பார்கள், பலர் தள்ளப்படுவார்கள். நாவலில் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் தடியால் சுட்டிக்காட்டி "இது உனக்கு" என்கிறார்.

பதவிப் பெயர்களும் மாவட்டங்களும் ஒரு மணி நேர வேலை. பிரிவை நிர்வகித்த மணியகாரர் முறை 1946 இல் முடிந்தது, பிறகு அந்த இடத்தில் காரியாதிகாரி. விதானையாருக்குப் பதில் கிராம சேவகர் வந்தது 1963 இல். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978, கிளிநொச்சி 1984. 1952 இல் கிளிநொச்சி அரசாங்க அதிபருக்கு மனு எழுதும் கதாபாத்திரம் இல்லாத ஒருவருக்கு முத்திரை ஒட்டி அனுப்புகிறார். அந்த மனு யாழ்ப்பாணக் கச்சேரிக்குத்தான் போயிருக்கும்.

மலேரியாவும் காலம் பார்த்து எழுத வேண்டிய விஷயம். மாரி ஓய்ந்து ஆற்றுப்படுக்கையில் குட்டை தேங்கும்போது நுளம்பு பெருகும். அருவிவெட்டுக் காலத்தில் வேலைக்காரர் குளிர்காய்ச்சலில் விழுவதற்குக் காரணம் அது. டீடீரீ தெளிப்பு 1946 க்குப் பிறகுதான் பரவலாக வந்தது. அதற்கு முன் கொயினாவும் கசாயமும். 1934–35 கொள்ளைநோயில் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள், ஆனால் அது மிக மோசமாகத் தாக்கியது கேகாலை, குருநாகல் பக்கத்தை. வன்னியில் அப்போது காய்ச்சல் ஆண்டுதோறும் வந்து போகும் வீட்டு விருந்தாளி. அந்த வருடத்துச் சாவையெல்லாம் வன்னியில் குவித்துக் கண்ணீர் வரவழைக்கத் தேவையில்லை.

ஆவணம் இல்லாத இடத்தில் வாய்மொழியைத்தான் நம்ப வேண்டும். வாய்மொழிக்கும் சோதனை உண்டு, அதற்கு முறை உண்டு. வயதானவர்கள் 58 ஐயும் 77 ஐயும் ஒன்றாக்கிச் சொல்வார்கள். இரண்டு இடப்பெயர்வு ஒரே இரவாகிவிடும். "எந்த வருடம்?" என்று கேட்டால் ஏதோ ஒரு வருடம் வரும். "அப்போது கையில் இருந்த பிள்ளை யார்? வயலில் என்ன நின்றது? பஸ் ஓடியதா?" என்று கேட்க வேண்டும். பிள்ளையின் வயதைப் பாடசாலைச் சேர்விடாப்போடு ஒப்பிட வேண்டும். கோயில் அத்திவாரக் கல், ஞானஸ்நானப் பதிவு, பழைய உறுதி எல்லாம் உதவும். இருவர் சொல்வது முரணானால் இரண்டையும் கதைக்குள் விடலாம். ஒரே சம்பவத்தை இரு பாத்திரம் இரு விதமாய்ச் சொல்லட்டும். சான்று கேட்பதென்றால் இந்த மாதிரி வேலை செய்ததற்கான குறிப்பைக் கேளுங்கள்.

கற்பனைக்கு நாங்கள் போடும் எல்லை ஒன்று உண்டு. கொலனியில் வாய்க்கால் இலக்கமும் காணி இலக்கமும் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. உண்மையான இலக்கத்தைப் போட்டு, அந்தக் காணியில் நடக்காத கொலையையோ களவையோ வைத்தால் அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, நாளைக்கும் சந்தைக்குப் போக வேண்டும். பாத்திரம் கற்பனை என்றால் இலக்கமும் கற்பனையாகட்டும். பேர்பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். கற்சிலைமடுவில் நிற்கும் கல், வெள்ளையரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31 இல் அங்கே கப்டன் வொன் டிறிபேர்க்கால் தோற்கடிக்கப்பட்டதாகவே சொல்கிறது, கொல்லப்பட்டதாகச் சொல்லவில்லை. காக்கை வன்னியனின் துரோகமும் அந்த வீரமரணமும் மேடைகளில் வளர்ந்தவை. அந்த நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாங்களும். அவற்றில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் நாடகக் காட்சியைக் கல்வெட்டுச் செய்தி என்று அச்சடித்தால் குறை உண்டு.

இதற்கு வழி மிக எளிது: நாவலின் முடிவில் ஒன்றிரண்டு பக்கப் பின்னுரை. எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறோம்: "இரணைமடுவின் கட்டுமான ஆண்டுகளும் பெர்மிற் விதிகளும் பதிவில் உள்ளபடி. வண்டிப் பயணத்தின் தூரமும் தங்கிய இடங்களும் வழியறிந்தவர்களிடம் கேட்டு அமைத்தவை. செல்லம்மா, அவள் தமையன், காரியாதிகாரி மூவரும் கற்பனை. காணிக் கச்சேரியில் செல்லம்மா பேசுவது முழுவதும் கற்பனை. பெண்கள் அங்கே பேசியதைப் பதிந்த குறிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. 1958 இல் நடந்த ஒரு சம்பவத்தை, கதையின் வசதிக்காக, இரண்டு வாரம் முன்தள்ளியிருக்கிறேன்." இதைப் படிக்கும் மாணவனுக்கு நாவலும் கெடாது, வரலாறும் கெடாது. எழுதுபவருக்கும் இது நல்லது: எதை மாற்றினோம் என்று எழுதி வைக்கிறபோதுதான் எதை அறியாமல் மாற்றினோம் என்பது தெரியவரும்.

எனவே உங்களிடம் கேட்பவை இவை. ஏழாம் பந்தியை நீக்கி, அதனிடத்தில் பின்னுரையைக் கட்டாயமாக்குங்கள். வழி, பருவம், தண்ணீர், சட்டம், நோய் ஆகியவற்றில் எழுதுபவர் எதைப் பார்த்து, யாரைக் கேட்டு எழுதினார் என்பது அதில் இருக்கட்டும், உரையாடலுக்கும் பாத்திரத்துக்கும் சான்று கேட்க வேண்டாம். வாய்மொழியை, மேலே சொன்ன விதமாய்ச் சோதித்திருந்தால், ஆவணத்துக்குச் சமமாக ஏற்பதாக விதியிலேயே எழுதுங்கள். பெர்மிற்றோ பிரசாவுரிமையோ இல்லாமல் வந்தவர்களின் கதைகளுக்கு இது இல்லாமல் வாசலே இல்லை.

நடுவர் குழுவில் இப்போது இருப்பவர்கள் எல்லாரும் இலக்கியம் அறிந்தவர்கள். அதில் எங்களுக்கு ஐயமில்லை. இறுதிச் சுற்றுக்கு வரும் கைப்பிரதிகளையாவது வன்னியில் கமம் செய்யும் ஒருவரும் காணிச் சட்டம் தெரிந்த ஒருவரும் முன்கூட்டிப் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். அவர்களுக்கு வாக்கு வேண்டாம், பிழை சொல்லும் உரிமை போதும். அவர்கள் சொன்ன பிழையைத் திருத்த எழுத்தாளருக்கு ஒரு மாதம் கொடுங்கள், பிழைக்காகத் தள்ளிவிடாதீர்கள்.

சென்ற முறை தெரிவான நாவலைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அதில் நல்ல பக்கங்கள் பல உண்டு. இயக்கச்சியில் கிழவி மாட்டோடு பேசும் இடம் ஒன்றே போதும். அட்டையிலுள்ள "முற்றிலும் உண்மைச் சம்பவங்கள்" என்ற வரியை மறைக்கும் ஒட்டுத்தாளையும், ஆசிரியரின் ஒப்புதலோடு ஒரு பிழைதிருத்தத் தாளையும் அச்சிட்டு, ஏற்கெனவே பெற்ற எல்லாப் பாடசாலை நூலகங்களுக்கும் அனுப்புங்கள். முறிகண்டி, அறுதி உறுதி, முதல் தை அறுவடை, விதானையார் காணி கொடுப்பது ஆகிய நான்கும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். திருத்தப் பட்டியலைப் பக்க எண்ணோடு தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தம், கூலி வேண்டாம்.

அடுத்த போட்டிக்குக் கைப்பிரதி ஏற்கும் நாளுக்கு முன் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். எழுதிக்கொண்டிருப்பவர்கள் பலர் ஏழாம் பந்தியைப் பார்த்துவிட்டுப் பேனையை மூடி வைத்திருக்கிறார்கள். விதி மாறுமா, மாறாதா என்பதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வன்னிக் குடியேற்றக் கதைகளின் கைப்பிரதி பார்ப்போர் சிலர்
கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா